வெயிலுக்கு எழுந்திருக்கும் மெஷின்

— கேட்டை அப்படி ஆட்டாதீங்கக்கா. பூட்டு கழண்டு கையோட வந்துடும்.

— வரட்டும். உள்ளே வந்து நானே அந்த மெஷினை நிறுத்துறேன். புகை மூஞ்சியில அடிக்குதே, உனக்குத் தெரியலையா?

— தெரியாம என்ன? நானும் அதைத்தான் முழுங்கிட்டு நிக்கறேன்.

— நீ சம்பளத்துக்கு முழுங்குறே. எங்க வீட்டுக்காரர் எதுக்கு முழுங்கணும், சொல்லு பார்ப்போம்? காலையிலேர்ந்து இருமல். நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்குது. கண்ணால பார்க்க முடியல தம்பி.

— ஜன்னலைச் சாத்துங்கக்கா.

— சாத்தினேனே! அடுப்புக்குள்ள உட்கார்ந்த மாதிரி வேகுது. அப்புறம் ஏசியைப் போட்டேன்.

— போட்டீங்களா? அதுக்குத்தான்க்கா இது ஓடுது.

— என்னது?

— ஊரே ஏசி போட்டா பெரிய பவர் ஸ்டேஷன் தாங்காது. பத்தாத கரண்டை நாங்க இங்கே எண்ணெயை எரிச்சு ஈடுகட்டுறோம்.

— கதை விடாதே. வருஷமெல்லாம் குறட்டை விட்டுத் தூங்குது உன் மெஷின். அப்பல்லாம் எங்க வீட்டுல விளக்கு எரியலையா?

— எரிஞ்சுது. அப்போ இந்த வெயில் இல்லையே.

— போடு, வெயில் மேல பழியைப் போடு. அது வந்து மறுத்தா பேசப்போகுது! ஒரு மணி நேரம் நிறுத்து தம்பி. அவரு கொஞ்சம் கண்ணசரட்டும். உன் கூடப் பொறந்தவளா நினைச்சுக்கோ.

— நான் என்னக்கா பண்றது? ஓட்டுன்னா ஓட்டணும், நிறுத்துன்னா நிறுத்தணும். ஃபோன்ல சொல்றவங்க எங்கேயோ குளுகுளுன்னு உட்கார்ந்திருக்காங்க. வாசல்ல திட்டு வாங்க மட்டும் நானு. இன்னைக்கு நீங்க நாலாவது ஆள்.

— மத்தவங்க திட்டிட்டுப் போயிருப்பாங்க. நான் போறதா இல்ல. இந்தக் கேட்டுலயே...

— இருங்க, இருங்க. சத்தம் மாறுதே... ஐயய்யோ!

— நின்னுடுச்சு! அப்பாடா. மகராசனா இருப்பே தம்பி. காதுக்கே எவ்வளவு இதமா இருக்கு பாரு.

— நான் நிறுத்தலக்கா! அதுவா நின்னுடுச்சு. சும்மாவே கிடந்த மெஷினை நாள் பூரா விரட்டினா வேற என்ன ஆகும்? இதோ, ஃபோன் வந்துடுச்சு. ஹலோ, சார்... ஆமா சார், நின்னுடுச்சு. திருப்பி ஓட்ட அரை மணியாவது ஆகும்... வேற வழியில்ல சார், வெட்டிடுங்க.

— எதை வெட்டச் சொன்னே?

— இந்தப் பக்கத்து கரண்ட் லைனை. உங்க தெருவும் அதுலதான்.

— தம்பி... என்கிட்ட ஏன் பேசிட்டு நிக்கறே? ஓடு, போய் அதை ஓட்டு! அவரு மூக்குல காத்து ஏத்துற மெஷின் கரண்ட்லதான் ஓடுது!