பாலும் ஒரு பிஸ்கோத்தும்

பாலுதான் சிஸ்டர். அப்பறம் ஒரு பிஸ்கோத்து. எத்தன வாட்டி கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன். இல்ல, நான் அம்மா இல்ல, சித்தி. எம்பேரு விண்ணரசி. பத்தாவதோட நின்னுட்டேன், அதயும் ஆஸ்பத்திரிச் சீட்டுல எழுதணுமா? புள்ள பேரு சூசை. ஒண்ணர வயசு. எங்கக்கா அருள்மேரிதான் பெத்தவ.

அவளா? வயல்ல கேஸ் குழாய் பதிக்க வந்துட்டாங்கன்னு காலையிலயே மறியலுக்குப் போயிட்டா. நட்டு இருவது நாளுகூட ஆவல, பயிரு மேலயே பொக்லைன எறக்குறாங்க. எல்லாரையும் போலீசு வேன்ல ஏத்தி ஏதோ கல்யாண மண்டபத்துல அடச்சிட்டாங்களாம். ஆறு மணிக்குத்தான் விடுவாங்க. போனு அடிச்சா எடுக்க மாட்டேங்கிறா.

வெளிய நிக்கிறவங்களா? எங்க தெருக்கோடி நூர்ஜஹான் அக்கா. வீட்டுக்காரரு ஷார்ஜாவுல. அவங்களக் கேக்காதீங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அவங்க புள்ள வளக்குற லட்சணத்த நீங்க பாக்கணுமே! ரெண்டு வயசுப் பொண்ணு, அந்தத் தள்ளுவண்டிய விட்டு எறங்காது. பெல்ட்டப் போட்டு உக்கார வச்சு வாயில ஒரு ரப்பர் சூப்பான். பாலு வராது, ஒண்ணும் வராது, சும்மா சப்பிக்கிட்டே கெடக்கும். மூஞ்சிக்கு நேராவே கேட்டிருக்கேன், என்னக்கா, கத்திரிக்கா வண்டி மாதிரி தள்ளிக்கிட்டுத் திரியிறீங்க, புள்ளைக்குக் கால் இல்லியான்னு. சிரிப்பாங்க. அது எனக்கு இன்னும் கடுப்பு. எங்க சூசை பத்து மாசத்துல நடந்தவன் சிஸ்டர். எடுத்தா என் இடுப்பு, எறக்குனா தரை.

இன்னைக்கு அம்மாவக் காணும்னு ஒரே அழுவ. பதினோரு மணியிலேர்ந்து. தொண்ட கட்டிப்போச்சு. எடுத்து வச்சுக்கிட்டா என் முடியப் புடிச்சு இழுக்குறான். நூர்ஜஹான் அக்கா சத்தம் கேட்டு வந்து, புதுசா ஒரு சூப்பான் இருக்கு, சுடுதண்ணியில போட்டுத் தாரேன், கொஞ்ச நேரம் சப்பட்டும்னாங்க. புள்ள வாய அடைக்கிற பழக்கம் எங்க வீட்ல இல்லன்னேன். அப்படியேதான் சொன்னேன். அவங்க மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு, போயிட்டாங்க.

அப்பறமா? தூங்கிட்டான். அழுது அழுது தூங்கிட்டான். அருள்மேரிய அடிச்சாங்களா என்னன்னு பாக்கலாம்னு மறியல் எடத்துக்கு ஓடினேன். அரமணி நேரம்தான், நம்புங்க. வந்து எழுப்புனா எந்திரிக்கல. தல தொங்குது. மறியல்னால பஸ்ஸும் இல்ல, ஆட்டோவும் இல்ல. தூக்கிக்கிட்டு ஓடினதுல ரெண்டு வாட்டி விழப் பாத்தேன். நூர்ஜஹான் அக்காதான் அவங்க பொண்ணப் பக்கத்து வீட்ல குடுத்துட்டு வண்டியில சூசையக் கெடத்தி பெல்ட்டப் போட்டாங்க. மூணு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே ஓடியாந்தாங்க. கால்ல செருப்பு இல்ல, பாருங்க.

ஏன் சிஸ்டர், இன்னும் கண்ணத் தொறக்கலியா? மூச்சு ஏன் அப்படி விட்டு விட்டு வருது? என்ன குடுத்தேன்னு தெரிஞ்சாத்தான் மருந்தா? டாக்டரே கேக்குறாரா?

பாலுதான் குடுத்தேன். பால்ல கலந்து குடுத்தேன். அருள்மேரியோட இருமல் மருந்து. குடிச்சா அவளுக்கே கண்ணு சொக்கும். மூடியில எல்லாம் அளக்கல. மொதல்ல கொஞ்சம். அழுவ நிக்கல. மறுபடியும் கொஞ்சம். இந்தாங்க, பாட்டில் துப்பட்டாவுல முடிஞ்சுதான் வச்சிருக்கேன். இந்த லேபிள் வரைக்கும் இருந்துச்சு, இப்ப பாருங்க. ஓடுங்க சிஸ்டர், டாக்டர்கிட்டக் காட்டுங்க.

போலீசுக்கா? சொல்லிக்கங்க. அருள்மேரிகிட்ட நானே சொல்றேன். வெளிய நிக்கிறாங்களே, அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.