சாராயப் போத்தலோடு கப்பலுக்கு

போர்க்காலம். பருத்தித்துறையில் ஆமிச் சோதனை கடந்து திருகோணமலைக் கப்பலில் ஏறுவதற்கான வரிசை வெயிலில் அசையாமல் நின்றது. எனக்கு முன்னால் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஓர் அம்மா, பக்கத்தில் நின்ற இளம்பெண்ணிடம் மெல்லக் கேட்டார்:

"தங்கச்சி, கப்பலிலை சாராயம் கொண்டுபோக விடுவாங்களோ?"

"ஆருக்கம்மா சாராயம்?"

"மகளுக்கு. அங்கை பிள்ளை பெத்துக் கிடக்கிறாள். உள்ளிப்பூடு போட்டு ஊறவைச்சது, பத்தியத்தோடை குடுக்கவேணும். எனக்குக் கப்பலும் புதுசு."

"நான் முந்தியும் போய்வந்தனான். கீழ்த்தட்டிலை இருக்காதேங்கோ, வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும். தேசிக்காய் ஒண்டை மூக்கடியிலை வைச்சு மணந்துகொண்டிருங்கோ."

"போத்தலை என்ன செய்யிறது? சீலைக்குள்ளை சுத்தி வைச்சிருக்கிறன்."

"ஐயோ, ஒளிச்சால்தான் ஆமிக்காரர் சந்தேகப்படுவாங்கள். கையிலை வைச்சிருங்கோ. மருந்தெண்டு சொல்லுங்கோ. ஆனால் பெற்றோலோ என்னவோ எண்டு, குடிச்சுக் காட்டச் சொல்லுவாங்கள்."

"நான் மீன் மச்சமே தொடாத ஆள், தங்கச்சி."

"ஒரு மிடறு காணும், அம்மா."

வரிசை நகரத் தொடங்கியது. அம்மா சீலையைப் பிரித்துப் போத்தலை எடுத்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"எத்தினை இடத்திலை சோதிப்பாங்கள்? இடத்துக்கு ஒரு மிடறு நான் குடிச்சால், அவளுக்குக் காணாதே."