விதவையின் மேசைக்கு வந்த விருந்தாளிகள்

நாற்காலி வசதியாக இருக்கிறது, நன்றி. கைப்பிடியில் கொஞ்சம் வார்னிஷ் உரிந்திருக்கிறது, அதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கச் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறீர்கள். போகும்போது கதவை வெளியே பூட்டினீர்கள். அது உங்கள் வேலை, நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கீழே என் பையைச் சோதித்த காவலர் பென்சில் சீவும் கத்தியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, வண்ணப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதை வைத்துக்கொண்டு யாரை என்ன செய்துவிடப் போகிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தார். நல்ல மனிதர்.

உங்கள் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய படம் இருக்கிறது. உங்கள் விசாரணைத் துறையை ஆரம்பித்தவர் என்று கீழே எழுதியிருக்கிறது. ஒரு காலி நாற்காலியின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். நாற்காலி இருந்தும் ஏன் நிற்கிறார் என்று யோசித்தபடியே எழுத ஆரம்பிக்கிறேன்.

நான் சொல்ல வந்தது சின்ன விஷயம். நம் அருங்காட்சியகத்தின் ஓவியங்களைப் போர்க்காலத்தில் எதிரிப் படையின் கேப்டன் ஒருவர் அள்ளிக்கொண்டு போனார். அது உண்மை. ஆனால் அவற்றைச் சிதைத்தவர் அவர் இல்லை. சிதைத்தவர் என்பது நீதிமன்றம் பயன்படுத்தும் சொல். என்னைக் கேட்டால், அவற்றில் வேலை செய்தவன் நான் என்று சொல்வேன். நாளைக்குத் தீர்ப்பு. ஆயுள் தண்டனையா தூக்கா என்பதுதான் பாக்கி என்று வரும் வழியில் பேருந்தில் பேசிக்கொண்டார்கள். செய்யாத வேலைக்கு ஒரு மனிதர் தூக்கில் தொங்கக் கூடாது. அதுவும் நல்ல வேலைக்கு.

நான் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைச் செப்பனிடுகிறவன். எங்கள் தொழிலில் விதி ஒன்றே ஒன்றுதான். சேதமான இடத்தில் மட்டும் தூரிகை வைக்க வேண்டும், நல்ல இடத்தைத் தொடவே கூடாது. இந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போர் நெருங்கியபோது இயக்குநர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மற்றவர்களை எல்லாம் படைக்கு அழைத்துக்கொண்டார்கள், என் முழங்காலைப் பார்த்துவிட்டு என்னை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்கள். இருந்ததிலேயே விலைமதிப்பில்லாத ஓவியங்களை என் கையில் கொடுத்து, “உங்களை நம்பித்தான் விடுறேன். ஒரு தூசி படக் கூடாது” என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். தூசி படவில்லை என்பதை அந்தக் கேப்டனே சொல்வார், கேட்டுப் பாருங்கள்.

என் மச்சான் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். ஓவியங்களை மெத்தைகளுக்குள் வைத்துத் தைத்துவிட்டோம். ஐடியா என் மனைவியுடையது. கடைக்குப் பின்னால் இருந்த அறையில் நாங்கள் இருவரும் குடியேறினோம். ஓவியத்தைப் பஞ்சுக்குள்ளேயே போட்டு வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் அவ்வப்போது தையலைப் பிரித்து, வெளியே எடுத்து, காற்றாட வைத்து, மறுபடி உள்ளே வைத்துத் தைக்க வேண்டும். வெளியே குண்டு விழுந்துகொண்டிருக்கும். உள்ளே நான், என் மனைவி, சுவரில் சாய்த்து வைத்த ஓவியங்கள். வேறு போக்கிடம் கிடையாது. ஒருவர் முகத்தை ஒருவர் எவ்வளவு நேரம்தான் பார்ப்பது, ஓவியங்களைப் பார்த்தோம்.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. எல்லாமே அழுமூஞ்சி ஓவியங்கள்.

விதவை ஓவியத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும், பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே உண்டு. நீண்ட சாப்பாட்டு மேசை, தட்டுகள் எல்லாம் வைத்தாயிற்று, ஒரு கோடியில் கறுப்பு உடையில் விதவை, மற்ற நாற்காலிகள் அத்தனையும் காலி. பழைய போர் ஒன்றில் வரைந்தது. ஒவ்வொரு காலி நாற்காலியும் போருக்குப் போய்த் திரும்பாத ஒரு பிள்ளை என்று இயக்குநர் பார்வையாளர்களுக்கு விளக்குவார். விளக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கைக்குட்டையை எடுப்பார். பிள்ளைகள் திரும்பவில்லை என்பது அந்த ஓவியருக்கு அன்றைக்குத் தெரிந்த செய்தி. பிற்பாடு வந்திருக்கலாம் இல்லையா.

ஒருநாள் பிரித்துப் பார்த்தபோது ஒரு நாற்காலியில் பருப்பு அளவுக்குப் பூஞ்சை. நிஜமான சேதம். சுத்தம் செய்து வண்ணம் வைத்தேன். எட்டி நின்று பார்த்தால் அது பூனையின் காது மாதிரி இருந்தது. காதை மட்டும் வைத்துவிட்டுப் பூனையை அப்படியே அந்தரத்தில் விடுவது எப்படி. பூனைக்கு இடம் வேண்டுமே, அங்கே ஓவியம் நன்றாக இருந்தது. விதிப்படி நல்ல இடத்தைத் தொடக் கூடாது. எனவே முதலில் கத்தியால் அந்த இடத்தைச் சுரண்டிச் சேதமாக்கிக்கொண்டேன். பிறகு செப்பனிட்டேன். விதி விதிதான்.

என் மனைவி வந்து பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“பூனை மட்டும் போதுமா? பாவம், பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு வேணாமா?”

அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. ஆனால் முகத்துக்கு எங்கே போவது. ஊரடங்கு. கையில் இருந்தது இரண்டே முகங்கள். மச்சானை இரண்டாவது நாற்காலியில் உட்கார வைத்தேன். மாடலாக உட்காரச் சொன்னால் மனிதர் ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டார், அதனால்தான் ஓவியத்தில் வாயைத் திறந்தபடி இருக்கிறார். எதிரே என் மனைவியை வைத்தேன். மீதி நாற்காலிகளுக்கு மறுபடி மச்சானே, மீசை வைத்தும் எடுத்தும். குண்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் வேலையில் மூழ்கிவிடுவேன். சொல்லக் கூடாது, என் வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான்.

மற்ற ஓவியங்களையும் கவனித்தேன். பாரபட்சம் காட்டக் கூடாது. உடம்பெல்லாம் அம்பு தைத்துக் கிடக்கிற வீரனுக்கு ஒவ்வொரு அம்பாக எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு, நல்ல ஆரோக்கியமான ஆள் வெறுந்தரையில் காரணமில்லாமல் மல்லாந்து கிடப்பது போலிருந்தது. தலைக்கு ஒரு தலையணை வைத்தேன், மச்சான் கடைச் சரக்குதான், ஓரத்தில் அதே தையல். புயலில் மூழ்குகிற கப்பலைக் கரைப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினேன். தளபதி குதிரை மேல் வாளோடு பாய்கிற ஓவியத்தில் குதிரையின் கண்ணைப் பார்த்தேன், அதற்கு மூச்சு இரைத்தது. தளபதியை இறக்கிவிட்டேன். இப்போது அவர் பக்கத்தில் நின்று அதற்குப் புல் கொடுக்கிறார். வாள் இருந்த கையில்தான் புல், கையை மாற்ற வேண்டி வரவில்லை.

நகரம் எதிரி வசமானது. கேப்டன் கடைக்கு வந்தது மெத்தை வாங்க. அவருக்கு முதுகு வலி. நல்ல கெட்டி மெத்தையாகக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றாகப் படுத்துப் பார்த்தார். விதவை இருந்த மெத்தையில் படுத்ததும் முகம் மலர்ந்துவிட்டது. இதுதான், இதுதான் என்றார். உள்ளே மரச்சட்டம் இருந்ததால் முதுகுக்கு அவ்வளவு இதம். அதை விற்க முடியாது என்று மச்சான் சொல்லியிருக்கக் கூடாது. வியாபாரி ஒருவர் பொருளை விற்க மாட்டேன் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது. தையலைப் பிரிக்கச் சொன்னார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓவியம் வெளியே வந்தது. கேப்டன் தொப்பியைக் கழற்றினார். போருக்கு முன் அவர் எங்கோ ஓவிய வரலாறு படித்தவராம், நம் மொழியும் நன்றாகப் பேசுவார்.

“புஸ்தகத்துல இத்துணூண்டு கறுப்பு வெள்ளைப் படமாத்தான் பாத்திருக்கேன். காலி நாற்காலின்னு எழுதியிருந்தாங்க. அச்சடிச்சது சரியா விழல போலிருக்கு. நேர்ல எவ்ளோ கலகலன்னு இருக்கு” என்றார். அப்புறம் ஓவியத்தைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், மறுபடி ஓவியத்தைப் பார்த்தார்.

“உங்க முன்னோர் யாராவது இதுக்கு மாடலா உக்காந்திருப்பாங்களோ?”

“இருக்கலாம் சார். எங்க குடும்பத்துல எல்லாருமே உக்காந்துதான் சாப்பிடுவாங்க” என்றார் மச்சான்.

கேப்டன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஓவியங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார். மெத்தையையும்.

போர் முடிந்தது. மீட்புக் குழு கேப்டனின் வீட்டுக்கே போய் ஓவியங்களைக் கைப்பற்றியது. அருங்காட்சியகத்தில் விழா. பேண்டு வாத்தியம், அமைச்சர், பூங்கொத்து. திரையை விலக்கினார்கள். வாத்தியக்காரர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். இயக்குநர் முன்னால் போய் நின்று ஓவியத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாக, “யாரு இவங்கெல்லாம்?” என்று கேட்டார். கேட்டுவிட்டு அழுதார். மகிழ்ச்சியில் அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முன் வரிசைக்குப் போய் வணக்கம் சொல்லலாம் என்று எழுந்தும்விட்டேன். என் மனைவிதான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

கேப்டன் வீட்டில் கிடைத்ததால் கேப்டன்தான் செய்தார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். நம் மக்களின் துயரத்தை எதிரி கேலி செய்திருக்கிறான் என்றார் ஒருவர். வக்கிர புத்தி, ஆனாலும் கையில் அபாரமான திறமை, குறிப்பாக அந்தப் பூனை என்று பத்திரிகையில் எழுதினார் இன்னொருவர். அபாரமான திறமை என்ற வரியைப் படித்த அன்றுதான் இங்கே வர முடிவு செய்தேன். பெயருக்கு ஆசைப்பட்டு வரவில்லை. நியாயத்துக்காகத்தான். பூனையைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுக் குதிரையை விட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அவசரம். தீர்ப்பு முடிந்ததும் என் வண்ணத்தைக் கரைத்து எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் அசல் ஓவியத்தை மீட்கப் போகிறார்களாம். அருள்கூர்ந்து நிறுத்துங்கள். அடியில் வெறும் துணிதான் இருக்கிறது. விருந்தாளிகள் இருந்த இடமெல்லாம் சுரண்டியாயிற்று. இத்தனை பேர் வந்த பிறகும் விதவை உம்மென்று இருந்தால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள், அதனால் அவர் முகத்தையும் சுரண்டிச் சிரிக்க வைக்க வேண்டியதாயிற்று. கறுப்பு உடை விருந்துக்குப் பொருந்தவில்லை, அதுவும் போயிற்று. சுவரும் மேசையும் உடைக்கு ஒத்து வரவில்லை. அந்தப் பழைய ஓவியர் வரைந்ததில் இப்போது மிச்சம் இருப்பது விதவையின் இடது முழங்கை மட்டும்தான். அதில் நான் கையே வைக்கவில்லை. அது ஏற்கெனவே நன்றாக வந்திருந்தது.

காலையில் இதையெல்லாம் நான் சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. மச்சானைக் கூப்பிட்டு விசாரித்தீர்கள், ஓவியத்தில் இருப்பது தன் முகமே இல்லை என்று சாதித்துவிட்டார். பயம். என் மனைவியை விசாரித்தீர்கள். அவளுக்குப் பயமெல்லாம் இல்லை. “எனக்கு இவ்ளோ பெரிய மூக்கா?” என்று உங்களிடம் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் என்னோடு பேசியே நாளாகிறது. கடைசியில் நீங்கள், “பெரியவரே, எதிரிக்காக ஏன் பொய் சொல்றீங்க? செஞ்சது நீங்கதான்னா ஒரு அத்தாட்சி காட்டுங்க பாப்போம்” என்றீர்கள்.

நியாயமான கேள்வி. ஒரு மனிதரின் உயிர் இதில் இருக்கிறது.

கத்தி காவலரிடம் இருப்பதால் நீங்கள் கொடுத்த டீயின் கரண்டியைப் பயன்படுத்திக்கொண்டேன். விளிம்பு கொஞ்சம் வளைந்திருக்கும், மன்னியுங்கள். சுவரில் இருக்கிற உங்கள் துறையின் ஸ்தாபகர் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு காலம் நின்றதில் கால் எப்படி வலித்திருக்கும். முகத்திலேயே ஒரு நிம்மதி தெரிகிறது, பாருங்கள். அதே கை, அதே சுரண்டல், அதே பூச்சு என்பதை எந்த நிபுணரைக் கூப்பிட்டுக் காட்டினாலும் சொல்லிவிடுவார். கேப்டனை நாளைக்கே விட்டுவிடலாம். இனிமேல் தூரிகையைத் தொட மாட்டேன் என்று என் மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். இது அத்தாட்சிக்காகச் செய்தது, கணக்கில் சேராது.

அவரைத் தனியாக உட்கார வைக்க மனசு வராததால், பக்கத்தில் உங்களையும் நிறுத்தியிருக்கிறேன். மூக்கு மட்டும் பாக்கி. கதவைத் திறந்ததும் சத்தம் போடாமல், ஜன்னல் பக்கமாகத் திரும்பி, ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள்.