முனை டீக்கடையில் சொன்ன அரை வாக்கியம்

பழைய படத்தில் கதாநாயகி ஒரு தடவை இருமினால் போதும், இடைவேளைக்கு அப்புறம் அவளுக்கு வேலை இல்லை. வாழ்நாளெல்லாம் படம் பார்த்து நான் கண்டுபிடித்த விதி இது. புதுப்படத்தில் விதியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கதாநாயகனை ஊரே சேர்ந்து அரிவாளால் வெட்டுகிறது, அடுத்த காட்சியில் அவன் பனிமலையில் புரண்டு பாட்டுப் பாடுகிறான். அவனுக்குக் கோட்டு, கூட ஆடுகிற பெண்ணுக்குக் கைக்குட்டை அளவுக்குத் துணி. பார்க்கிற எனக்குத்தான் ஜலதோஷம் பிடிக்கிறது.

உட்காருங்கள் தம்பி. போளூர் வழியாகப் போகிற பஸ் இப்போதுதான் போயிற்று. தசரதன் டீ ஆற்றி முடிப்பதற்குள் ஒரு படமே எடுத்து வெளியிட்டுவிடலாம். இந்த பெஞ்சு ஏறக்குறைய எனக்குப் பட்டா ஆன பெஞ்சு. பட்டு நெசவாளர் சங்கத்தில் சேலை விரித்துக் குறை பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் இங்கேதான் இருக்கிறேன். பேப்பரில் சினிமாப் பக்கம் எனக்கு, மீதிப் பக்கங்கள் தசரதனின் போண்டாவுக்கு.

லோகநாதன் வீட்டுப் பெண் லாவண்யாவைப் பற்றி விசாரிக்கக் கலசப்பாக்கத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். உங்கள் அண்ணனுக்காக. அவர் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், மனைவி தவறிப்போய்விட்டார், நல்ல மனுஷர் என்றீர்கள். எல்லாம் சொல்கிறேன், இன்றைக்கு ஒன்றுவிடாமல் சொல்வதாக இருக்கிறேன். சினிமா வழியாகத்தான் எனக்குச் சொல்ல வரும், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வில்லன்கள். பழைய படத்து வில்லன் சாய்வு நாற்காலியில் சாய்ந்து, வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டே பாதி வார்த்தை சொல்வான். "பையன் நல்லவன்தான், ராத்திரியில் எங்கே போகிறான் என்றுதான்..." என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொள்வான். அவ்வளவுதான். ஒரு குடும்பம் பத்து ரீலுக்கு அழும். மொத்தச் செலவு ஒரு வெற்றிலை. இப்போதைய வில்லனுக்கு வரிசையாகச் சுமோக்கள் வேண்டும், அவை வானத்தில் பறக்க வேண்டும். நம் ஆரணியில் ஒரு மாட்டுவண்டி திரும்புவதற்கே அரை நாள் ஆகிறது. அதுவாவது போகட்டும். கடைசியில் கதாநாயகனைக் கட்டிவைத்துவிட்டு, ஏன் செய்தேன், எப்படிச் செய்தேன் என்று முழுக்கதையையும் உட்கார்ந்து சொல்கிறானே, அதுதான் எனக்குப் பிடிக்காது. தொழில் தெரிந்தவன் எதற்கு அத்தனை பேசுகிறான்?

தொண்ணூற்றி நான்கில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே இடத்தில் கண்ணமங்கலத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்தார். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதானே. ஜாதகம் பொருந்திய பிறகு, பெண் பார்க்க வருவதற்கு முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஆளை அனுப்பித் தெருமுனையில் விசாரிப்பார்கள். தெருமுனை என்றால் டீக்கடை. டீக்கடை என்றால் நான். அவர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். மாப்பிள்ளை சரவணன், கூட்டுறவு வங்கியில் வேலை. லோகநாதன் பெண்ணைப் பற்றிக் கேட்டார். பையன் படம் பார்ப்பானா என்று நான் கேட்டேன்.

"ஒண்ணு வுடமாட்டான் சார். பாட்டு வந்தா மட்டும் எழுந்து வெளிய போய் ஒரு தம்மு போட்டுகினு வந்துடுவான்" என்றார், பெருமையாக.

யோசித்துப் பாருங்கள். பாட்டுக்கு எழுந்து போகிறவன் குடும்பத்தில் ஒரு கஷ்டம் வந்தால் உட்கார்ந்திருப்பானா? மனைவிக்குக் காய்ச்சல் என்றால் தம்முக்குப் போய்விடுவான். சங்கத்தில் இருந்த காலத்தில் முந்தானையில் ஒரு இழை தப்பியிருந்தாலும் சேலையைத் திருப்பி அனுப்பியவன் நான். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? வெற்றிலைதான் இல்லை. டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னேன்.

"பொண்ணு தங்கம். ஆனா... வேணாம் வுடுங்க, நமக்கெதுக்கு."

"இன்னா சார், சொல்லுங்க."

"வுடுங்க. நல்லா இருக்கட்டும்."

அவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். வீட்டுப் பக்கமே போகவில்லை, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். நான் சொன்னதில் ஒரு பொய் காட்டுங்கள் பார்ப்போம். கிடையாது. மீதிக் கதையை அவரே எழுதிக்கொண்டார். என்ன கதை எழுதினார் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்றைக்கும் கொள்ளை ஆசை.

நான் யார் என்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த லோகநாதன் நான்தான். லாவண்யா என் மகள், ஒரே மகள்.

டீயைக் குடியுங்கள், ஆறிவிடும்.

என் மனைவி அபிதகுசாம்பாள் தொண்ணூற்றி இரண்டில் போனாள். அதன் பிறகு சனிக்கிழமைதோறும் நானும் லாவண்யாவும் மாட்டினி. பழைய படத்தைத் தூசு தட்டிப் போட்டால் ராஜ உபசாரம், புதுப்படம் என்றால் திட்டுவதற்காகப் போவோம். பால்கனியில் தூணுக்கு வலதுபுறம் எங்கள் சீட்டு, இடைவேளையில் முறுக்கு. லாவண்யா தன் முறுக்கை நடைபாதையில் ஓடுகிற குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுவாள். அவளுக்கு முறுக்குப் பிடிக்காது போலிருக்கிறது. படம் முடிந்து எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்லாத்தான்பா இருக்குது" என்பாள். எந்தப் படத்துக்கும் அதே பதில். அப்படிப்பட்ட ஆழமான ரசனை அவளுக்கு.

ஆரணியில் படம் பார்ப்பதே தனி. எந்த ஊரிலும் கதாநாயகி அழுதால் ஜனங்கள் அழுவார்கள். இங்கே அவள் பட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தால், கீழே இருக்கிற நெசவாளர் கூட்டம் மொத்தமும் "த்சோ, சேலை" என்று பதறும். பட்டில் கண்ணீர் பட்டால் கறை. அவள் புருஷன் செத்ததெல்லாம் அப்புறம். தமிழ்நாட்டில் வேறெங்காவது இந்த ரசனை உண்டா?

தொண்ணூற்றி ஏழில் பெரணமல்லூரிலிருந்து ஒரு பவர்லூம் முதலாளியின் பிள்ளைக்காக அவன் அத்தை காசியம்மாள் வந்தாள். பையன் சோகக் காட்சியில் சிரிப்பானாம். எல்லாரும் மூக்கைச் சிந்துகிற நேரத்தில் இவன் மட்டும் சிரிக்க, தியேட்டரே திரும்பிப் பார்க்குமாம். சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். சுடுகாட்டிலும் சிரிக்கிற குடும்பம் என்று தெரிந்துபோயிற்று. பொண்ணு தங்கம், ஆனா வேணாம் வுடுங்க. அவளும் பஸ் ஏறினாள்.

இப்படியே சில வருஷம். ஒருத்தன் கடைசி ரீலுக்கு முன்னாலேயே சைக்கிள் எடுக்க ஓடுகிறவன். இன்னொருத்தன் பழைய படமெல்லாம் கறுப்பு வெள்ளையாக இருக்கிறதே, கலர் அடிக்கக்கூடாதா என்று கேட்டவன். இவர்களுக்குப் பெண்ணைக் கொடுத்தால் நாளைக்கு மேலே போய் அபிதகுசாம்பாளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவேன்?

தரகர் வீரபாகுவுக்குத்தான் பாவம், தலை சுற்றியது. ஜாதகத்தில் தோஷம் இல்லை, பெண்ணுக்குக் குறை இல்லை, கேட்டவர்கள் எல்லாம் தெருமுனையோடு திரும்பிவிடுகிறார்களே என்று புலம்பினார். துர்க்கைக்கு ராகு காலத்தில் எலுமிச்சை விளக்கு போடச் சொன்னார். லாவண்யா போட்டாள். செவ்வாய்க்கிழமை தோறும், பட்டினி கிடந்து. நான்தான் மார்க்கெட்டில் எலுமிச்சை பொறுக்கி வாங்கி வந்து கொடுத்தேன். தோலில் ஒரு புள்ளி இருந்தாலும் வாங்கமாட்டேன். அந்த விஷயத்தில் நான் ஒரு குறையும் வைத்ததில்லை.

தசரதனுக்கு எல்லாம் தெரியும். முதல் தடவை விளையாட்டு என்று நினைத்தான். அப்புறம் கொஞ்ச நாள் என் டீயில் சர்க்கரை போடவில்லை. ஒருநாள் பாய்லரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீங்க பேசுறது சினிமா கணக்காத்தான் இருக்குதுண்ணா. பொண்ணு நெசம்ணா."

நல்ல வசனம். யாராவது படத்தில் வைக்கலாம்.

இரண்டாயிரத்து மூன்றில் ரஞ்சித்குமார் வந்தான். வேலூர்ப் பக்கம், பட்டு வியாபாரியிடம் கணக்கு பார்க்கிறவன். தரகர் வழியாக ஜாதகம் பொருந்தியிருந்தது, தெருமுனையில் விசாரிக்க ஆளை அனுப்பாமல் அவனே வந்தான். லாவண்யா அப்போது கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடுகிற கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், டிசைன் வாங்கப் போன இடத்தில் பார்த்திருக்கிறான். இரண்டு பேரும் பேசியும் இருக்கிறார்கள். அவள் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்த மாசமெல்லாம் ரசம் வைக்கும்போது பாடிக்கொண்டிருந்தாள். பழைய பாட்டு, சுருதி சுத்தமாக.

அவனிடமும் கேட்டேன், படம் பார்ப்பாயா என்று. பழைய படந்தான் சார் என்றான். பாட்டுக்கு எழுந்து போவாயா என்றேன். பாட்டுக்காகத்தானே போறோம் என்றான். நானும் அவனும் பேசினோம் பேசினோம், தசரதனிடம் பால் தீர்ந்து, டிக்காஷன் தீர்ந்து, பக்கத்துக் கடைக்காரன் கதவைச் சாத்துகிறவரை பேசினோம். ஒரு படத்தில் கதாநாயகி சாகப்போகிற இடத்தைச் சொல்லி அவன், "அழுகையவிட அந்த முந்தானையில கறை பட்டுதே சார், அதான் எனக்கு மறக்கல" என்றான். தம்பி, என் உயிர் எழுந்து நின்று சலாம் போட்டது. இப்படி ஒரு பிள்ளையை நானே ஆர்டர் கொடுத்து நெய்திருந்தாலும் கிடைக்காது.

குறை பார்ப்பது என் தொழில். விரித்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கடைசியில் அவனே காட்டினான். கல்யாணத்துக்கு அப்புறம் வாராவாரம் சனிக்கிழமை அவளைப் படத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னான்.

சனிக்கிழமை எங்கள் நாள்.

"பொண்ணு தங்கம். ஆனா... வேணாம் வுடுங்க" என்றேன். அவன் அசையவில்லை. "இன்னா கொறை இருந்தாலும் பரவால்ல சார், நான் பாத்துக்கறேன்" என்றான். என் வாழ்க்கையில் அரை வாக்கியம் தோற்ற இடம் அது ஒன்றுதான். முழு வாக்கியம் தேவைப்பட்டது. பழைய படத்தை நம்புகிறவனுக்குப் பழைய படத்திலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"அந்தப் பொண்ணு மனசுல வேற ஒருத்தன் இருக்கான் தம்பி. அப்பனுக்கு பயந்துகினு தலையாட்டியிருக்குது. நீ இன்னா செய்யணும்னு நான் சொல்லணுமா, அத்தன படம் பாத்தவன் நீ."

அவன் தம்ளரைக் கீழே வைத்தான். "அவங்க நல்லா இருந்தா போதும் சார்" என்றான். என்னைக் கொடுக்கவிடாமல் என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தான். பிறகு நடந்தான். திரும்பிப் பார்க்கவே இல்லை. தெருவில் இரண்டு பக்கமும் தறிச் சத்தம், நடுவில் அவன் மட்டும், பின்னால் விழுகிற வெயில். நான் தேம்பித் தேம்பி அழுதேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த கிளைமாக்ஸ் அதுதான். ஒரே டேக்.

அடுத்த சனிக்கிழமை மாட்டினிக்கு லாவண்யா பட்டுச்சேலை கட்டி வந்தாள். அவளே டிசைன் போட்ட பார்டர், அவன் பெண் பார்க்க வரும் நாளுக்கென்று எடுத்து வைத்திருந்தது. இடைவேளையில் கேட்டாள்.

"அவுங்க ஏம்பா வரல?"

"வேற எடத்துல முடிஞ்சிடுச்சாம்மா."

அவள் தலையாட்டினாள். விளக்கு அணைந்தது. காமெடி காட்சி, தியேட்டரே குலுங்குகிறது. லாவண்யா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பட்டு, கறை படியும்மா என்றேன். படம் முடிந்து எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்லாத்தான்பா இருக்குது என்றாள். அதற்கப்புறம் ரசத்துக்குப் பாட்டு இல்லை. பரவாயில்லை, ரேடியோ இருக்கிறது.

இப்போது அவளுக்கு முப்பத்தேழு முடிந்துவிட்டது. அதனால்தான் நீங்கள் வந்ததும் தசரதன் என்னை அப்படிப் பார்த்தான். ஒரு தடவையாவது நெசத்தைச் சொல்லுங்கண்ணா என்று அவன் எத்தனையோ வருஷமாகக் கேட்கிறான். சரி, பாரத்தை இறக்கிவிடலாம், பெண்ணுக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்றுதான் நீங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். புதுப்பட வில்லன் கணக்காக நானே நீளமாகப் பேசிவிட்டேன் பாருங்கள். காலம் மாறிவிட்டது, இப்போது யாரும் அரை வாக்கியத்துக்கு மசிவதில்லை. நீங்களும் வந்து உட்கார்ந்ததும், என்ன குறை இருந்தாலும் சொல்லுங்கள், அண்ணன் தாங்கிக்கொள்வார் என்றுதானே ஆரம்பித்தீர்கள்.

பெண் தங்கம், அவளிடம் ஒரு குறையும் இல்லை தம்பி. குறையெல்லாம் வீட்டில் இருக்கிற கிழவனிடம். அவன் எங்கேயும் போகமாட்டான், மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனையில் ஒரு டீக்கடை இருந்தால் போதும், அங்கேயும் ஒரு பெஞ்சு பார்த்துக்கொள்வான். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? வீடு அந்தப் பக்கம், மூன்றாவது வாசல். ஓ, பஸ் வந்துவிட்டதா. டீ பாதி அப்படியே இருக்கிறதே. தசரதன் பாய்லரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், உண்மையைச் சொல்லச் சொன்னவன் அவன்தான், கேட்டுப் பாருங்கள். பெண் தங்கம் என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டேன், இந்த முறை 'ஆனால்' என்ற பேச்சே எடுக்கவில்லை. உண்மையைக் கேட்டால் ஆட்கள் நிற்பதில்லை, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இன்றைக்குச் சனிக்கிழமை வேறு. மாட்டினிக்கு, தூணுக்கு வலதுபுறம், இரண்டு சீட்டுக்கு நேற்றே சொல்லி வைத்தது நல்லதாகப் போயிற்று.