மூன்றாவது வீச்சு

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான். நிதானமாகச் சொல் என்றீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. நான் எதையும் வரிசையாகத்தான் சொல்வேன். பெரும்பாலும் யாருக்கும் கேட்கப் பொறுமை இருப்பதில்லை.

என் பெயர் கங்காதரன். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தொட்டி மேஸ்திரிக்கு உதவியாள். சாயங்காலம் தோல் பதனிடும் வகுப்புக்குப் போகிறேன். செத்துப்போன சாமுவேல் என்னோடு வேலை செய்தவன். அவன் வகுப்பில் சேரவில்லை. சனிக்கிழமை மட்டும் வகுப்பு விடும் நேரத்துக்கு வாசலில் சைக்கிளோடு நிற்பான், ஆட்டத்துக்காக.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. எண்பத்து மூன்றில் மிஷின் மாட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஒரு சின்ன ஆங்கிலப் புத்தகத்தையும் பல முகம் கொண்ட சில பகடைகளையும் விட்டுவிட்டுப் போனார். காய் நகர்த்தும் ஆட்டம் இல்லை அது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் கதவை உடைக்கிறேன், நான் ஒளிந்துகொள்கிறேன் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். பிறகு நானே ஒன்று செய்தேன். ஆற்காட்டிலிருந்து ஏலகிரி அடிவாரத்துக்கு மாட்டுவண்டியில் தோல் ஏற்றிப் போகும் கூட்டம், வழியில் கொள்ளையர்கள். விதிகளைச் செருப்புப் பெட்டி அட்டைகளில் எழுதினேன். தோல் மழையில் நனைந்து கனத்தால் ஒரு விதி. மாடு களைத்தால் ஒரு விதி. பள்ளத்தில் விழுந்தவனுக்குப் பகடையில் மூன்று வீச்சு. முதலில் மூச்சைப் பிடிக்க, அடுத்து எதையாவது பற்ற, கடைசியாக மேலே நிற்பவன் அவனைத் தூக்க. ஒரே வீச்சில் ஒரு மனிதன் செத்துப்போவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சாமுவேலோடு, குடியாத்தத்துத் தறிக்காரர் வீட்டு வீரபாகுவும், வகுப்பு நடக்கும் அதே கட்டடத்தில் டைப்ரைட்டிங் படிக்கும் விஜயகுமாரியும், வகுப்பு விட்டதும் காலியாகும் எங்கள் அறைக்கு ஆட வந்தார்கள். அவர்கள் என் எதிரே உட்காரும்போதுதான், அந்த வாரம் முழுக்க நான் யாரோடும் பேசவில்லை என்பது எனக்கே தெரியும்.

விஜயகுமாரிதான் ஒருநாள் ஆரம்பித்தாள். “அண்ணா, ஒரு ஆத்தைத் தாண்ட எத்தினி அட்டை பாக்கணும்? அதுக்குள்ள நெஜ பாலாத்துலயே தண்ணி வந்துடும்.”

சாமுவேல் சிரித்தான். “கங்கா, உன் கதை சூப்பர்பா. ரூல்ஸ்தான் பேஜார். ஒரே ரூல் வெச்சிக்கலாம். பெரிய நம்பர் வுழுந்தா நடக்கும், சின்னது வுழுந்தா இல்ல. இன்னா சொல்ற?”

“அப்ப மாடு களைக்காதா?”

“களைச்சிதுன்னு நீ சொல்லு, நாங்க நம்பறோம்.”

அன்றைக்கு அவன் விதிப்படி ஆடினார்கள். அவ்வளவு சிரிப்பை அந்த அறையில் நான் கேட்டதில்லை. விஜயகுமாரி பஸ்ஸைத் தவறவிட்டாள். அடுத்த வாரம் என் அட்டைகளை யாரும் கேட்கவில்லை; கதையை மட்டும் சொல்லச் சொன்னார்கள். தலைவலி என்று கிளம்பிவிட்டேன். அதற்கடுத்த வாரமும் போகவில்லை. சாமுவேல் என் அறைக்கே வந்து கூப்பிட்டான். “வா தோஸ்த், நீ இல்லாம கதையே ஓடல.” ஓடியது, ஐயா. அந்த அறையின் சுவருக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன்.

என் விதிகள்தான் தவறோ என்று பல நாள் யோசித்தேன். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் பிடிவாதக்காரன் அல்ல.

எங்கள் தொழிற்சாலைக் கழிவுத் தொட்டிக்கு, அதில் இறங்கும் ஆட்கள் வைத்திருப்பதும் ஒரே விதிதான். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். வாடை அடித்தால் இறங்காதே, நின்றுவிட்டால் இறங்கு. தோல் வாடையிலேயே வளர்ந்தவர்கள், மூக்கைத்தான் நம்புவார்கள். வகுப்பில் எங்களுக்கு வேறு மாதிரி சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வாயு ஜாஸ்தியானால் மூக்கு மரத்துப்போகும். வாடை சட்டென்று நின்றால் அதுதான் மோசமான நேரம். மூடியை ஒரு பகல் திறந்து வைக்க வேண்டும், உள்ளே காற்று அடிக்க வேண்டும், இடுப்பில் கயிறு கட்ட வேண்டும், மேலே ஆள் நிற்க வேண்டும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண்.

போன செவ்வாய்க்கிழமை மேஸ்திரி லீவு. பொறுப்பு என்னுடையது. தொட்டியில் குழாய் அடைத்துக்கொண்டது. சாமுவேல் மூடியைத் தள்ளி, குனிந்து முகர்ந்தான். முகத்தைச் சுளித்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடி குனிந்தான்.

“மொதல்ல குப்புனு அடிச்சிது. இப்ப வாடையே காணோம்பா. எறங்கட்டுமா?”

கயிறு எனக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அவனிடம் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. வரிசையாகச் சொன்னால், மறுபடியும் ரூல்ஸா கங்கா, என்று சிரித்திருப்பான். அவனுக்குச் சுருக்கமாகச் சொன்னால்தான் பிடிக்கும்.

“எறங்கு” என்றேன்.

ஏணியில் பாதி இறங்குவதற்குள் அவன் கை நழுவியது. கத்தவில்லை. அவன் விழுந்த சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் இறங்கப் போனார்கள். நான் குறுக்கே நின்று தடுத்தேன். இறங்கினால் அவர்களும் போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். மறுநாள் மேஸ்திரி என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நீங்களும் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள்.

சனிக்கிழமை அந்த அறையில் போய் உட்கார்ந்தேன். என் அட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்தேன். வீரபாகு வரவில்லை. விஜயகுமாரி வகுப்பையே நிறுத்திவிட்டாள் என்றார்கள். அவர்கள் வந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். தனியாகவே ஆடினேன். சாமுவேலின் பாத்திரம் பள்ளத்தில் விழுந்தது. முதல் வீச்சு தவறியது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவது, மேலே நிற்பவன் வீச வேண்டியது. அவனுக்காக நானே வீசினேன். பெரிய எண் விழுந்தது. சாமுவேல் மேலே வந்துவிட்டான்.

என் விதிப்படி ஆடியிருந்தால் அவன் பிழைத்திருப்பான், ஐயா. அதை அவனிடம் சொல்ல முடியவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.