கீழே யாரும் இல்லை

வீட்டில் வினிகர் வாசம் அடிக்கிறது என்று நுழைந்ததுமே சொன்னீர்கள். உங்கள் காப்பகத்தில் சொல்லியிருப்பார்களே, பழைய படச்சுருள் கெட்டுப்போகும்போது அந்த வாசம்தான் வரும். சொல்கிறேன், டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள்.

'நீருக்கு அடியில்' என்ற திகில் தொடர் 1956-ல் ஆறு சனிக்கிழமை மாலைகளில் தொலைக்காட்சியில் வந்தது. எனக்கு எட்டு வயது. கதையில், ஊருக்குக் குடிநீர் தரும் ஏரியின் அடியில் ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்னவென்று கடைசிவரை காட்டவே மாட்டார்கள். ஆறாவது பகுதியின் முடிவில் காவலுக்கு நின்ற சிப்பாய் நேராக நம்மைப் பார்க்கிறான். நான்கு விநாடி, துளிச் சத்தம் கிடையாது. பிறகு சொல்கிறான்: "கீழே யாரும் இல்ல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க." என் அப்பா எழுந்து போய்ச் சமையலறைக் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அந்த ஆறாவது பகுதியை, இடம் அடைக்கிறது என்று தொலைக்காட்சிக் கம்பெனிக்காரர்கள் குப்பையில் போட்டுவிட்டார்கள். நான் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினேன். அதில் முப்பது பக்கம் அந்த நான்கு விநாடிக்கு மட்டும். பயம் என்றால் என்னவென்று அந்த இயக்குநருக்குத்தான் தெரியும் என்று எழுதினேன். இந்த ஹாலிஃபாக்ஸ் ஊரில் எங்கள் ரசிகர் கூட்டம் ஆரம்பித்ததே அந்தப் புத்தகத்தால்தான். மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஒரு மதுக்கடையின் மாடியில் கூடுவோம்.

எட்னா ரசிகை இல்லை. "அந்தக் கண்றாவிய எப்படித்தான் ரசிக்கிறீங்களோ, உங்களுக்கெல்லாம் வீட்ல வேலையே இல்லையா?" என்பார். ஆனாலும் இஞ்சிக் கேக் சுட்டுக்கொண்டு ஒரு கூட்டம் விடாமல் வருவார். அந்தச் சிப்பாய் அவருடைய கணவர் க்ளிஃபர்ட். பஸ் கண்டக்டர், நாடகப் பைத்தியம். தொலைக்காட்சியில் அவருக்குக் கிடைத்தது அந்த ஒரே வசனம். மூன்று மாதத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். எட்னாவிடம் கல்யாணப் புகைப்படம் இருந்தது. குரல் இல்லை.

"முகத்த மறக்கல, கண்ணு. குரல்தான் போயிடுச்சு. ஏதாவது கிடைச்சுதா?" மாதாமாதம் இதே கேள்வி.

1991-ல், தேவாலயத்தில் பழைய சாமான் விற்றபோது, ஒரு பெட்டித் திரைச்சீலைக்கு அடியில் அந்தச் சுருள் எனக்குக் கிடைத்தது. ஆறாவது பகுதி, முழுசாக. அன்று மாலையே வீட்டில் புரொஜெக்டரில் போட்டேன்.

அந்தக் காலத்தில் எல்லாம் நேரடி ஒளிபரப்பு, ஓடும்போதே அதைச் சுருளில் பதித்து வைப்பார்கள். நடிகருக்கு வசனம் மறந்தால், எடுத்துக்கொடுக்கும் பெண் ஒரு பொத்தானை அழுத்துவாள். நாடு முழுக்கச் சத்தம் நின்றுபோகும். அவள் வசனத்தைச் சொல்வாள், பொத்தானை விடுவாள். படத்தில் க்ளிஃபர்டின் கண் இடதுபக்கம் ஓடுகிறது. உதடு திறந்து மூடுகிறது. தலை லேசாக ஆடுகிறது. மனிதர் வசனத்தை மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

என் முப்பது பக்கமும், என் அப்பா மூடிய குழாயும் அந்த மறதியால்தான். அன்று நான் அழுதேன்.

நான் எதையும் எரிக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். படச்சுருளைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவன் நான். அதை, வீட்டிலேயே சூடான இடமான வெந்நீர்க் கொதிகலன் அலமாரியில், குளியல் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பொய்யும் சொல்லவில்லை. "இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்பேன்.

ஒருமுறை எட்னா என் கோட்டை முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "திரும்பவும் மீன் வறுவல் கடையா, நெவில்? மீன்ல ஊத்துற வினிகர்ல குளிச்ச மாதிரி இருக்கியே. காய்கறியும் கொஞ்சம் தின்னுப்பா."

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். குரலை மட்டும் போட்டுக் காட்டலாமே என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் அவரிடம் ரகசியம் தங்காது. சந்தோஷத்தில் எல்லோரிடமும் சொல்லிவிடுவார். எல்லோரும் படத்தைக் கேட்பார்கள். நாற்பது வருஷம் பயந்து பயந்து ரசித்தவர்கள் எல்லாம், மறதிக்காரக் கண்டக்டர் ஒருவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். க்ளிஃபர்டின் மானத்தையும்தான் காப்பாற்றினேன்.

1996 மார்ச்சில் எட்னா படுத்த படுக்கையானார். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். போர்வைக்கு வெளியே இருந்த கை காகிதம்போல் இருந்தது.

"இனிமே கிடைச்சும் பிரயோஜனமில்ல, கண்ணு. நீ சின்ன வயசுல கேட்டிருக்க இல்ல? அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே ஒரு தடவ சொல்லேன்."

கண்களை மூடிக்கொண்டார். நான் சொன்னேன். "கீழே யாரும் இல்ல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க." எங்கே குரல் தணிகிறதோ அங்கே தணித்தேன், எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே வாங்கினேன்.

கண்ணைத் திறந்து தலையை அசைத்தார். "இல்லப்பா. அவர் இப்படிச் சொல்ல மாட்டாரு. பரவாயில்ல விடு."

மறுவாரம் அடக்கம் செய்தோம். அடுத்த குளிர்காலத்தில் சுருள் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது. உங்கள் காப்பகத்துக்கு அது பயன்படாது. ஆனாலும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒன்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நான் சரியாகத்தான் சொன்னேன். அதற்கு முந்தின மாலைகூடச் சுருளைப் போட்டுக் கேட்டிருந்தேன். எட்னாவுக்குத்தான் மறந்துபோயிருந்தது.