படிக்காமல் எழுதிய ஒரு வரி

...தேர்வுக் குழு விதிமுறையெல்லாம் நகராட்சி ஆணையர் ஐயா விளக்கமா சொல்லிட்டாங்க. நான் ஒரு சின்ன சம்பவம் சொல்லிட்டு உட்கார்ந்துடுறேன். கதைன்னே வச்சுக்குங்க. ஆனா வேற யாருக்கோ நடந்ததில்ல. நான் பண்ணினது.

மூணு வருஷம் முந்தி, நம்ம நகராட்சியில இந்தக் கலை வளர்ச்சி நிதி முதல் தடவையா அறிவிச்சாங்க. நாடகம், பாட்டு, ஓவியம், எதுவா இருந்தாலும் உள்ளூர்க்காரங்க மனுப் போடலாம். தேர்வுக் குழுவுல மூணு பேர். மத்த ரெண்டு பேரும் எல்லாத்துக்கும் என் முகத்தைப் பார்ப்பாங்க. ஏன்? நான் தமிழ்ப் பேராசிரியராச்சே...

நாப்பத்தி மூணு மனு. அதுல ஒண்ணு சந்தனமாரின்னு ஒரு அம்மா போட்டது. உப்பளத்துல வேலை பார்க்கிறவங்க. தன்கூட வேலை செய்யிற ஆறு பெண்களைச் சேர்த்து, தானே ஒரு நாடகம் எழுதியிருந்தாங்க. பத்து தெருவுல நடத்தணும், மைக்செட்டுக்கு உதவி வேணும். அவ்வளவுதான் கேட்டது. கோடு போட்ட நோட்டுத் தாள்ல, பேனாவால எழுதி, குண்டூசி குத்திக் கொடுத்திருந்தாங்க.

நேர்காணலுக்கு வந்தாங்க. நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எத்தனை அங்கம், எத்தனை காட்சி?"

அந்தம்மாவுக்குப் புரியல. அப்புறம், "ஐயா, அஞ்சு நிமிசம் நடிச்சுக் காட்டட்டுமா?"ன்னு கேட்டாங்க.

அஞ்சு நிமிஷம்... என்கிட்ட இல்லையா? இருந்துச்சு. ஆனா பக்கத்து அறையில சாப்பாடு வந்து இறங்கியிருச்சு. வாசனை வருது. "வேண்டாம்மா, படிச்சுப் பார்த்துக்கிறோம்"னு அனுப்பிட்டேன்.

படிச்சேனா? இல்லை. கை கழுவிட்டு வந்து, மேல் தாள்ல, "இலக்கியத் தரம் இல்லை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பக்கம்கூடத் திருப்பாம.

அந்த நிதி யாருக்குப் போச்சு? ஒரு முத்தமிழ் விழாவுக்குப் போச்சு. அந்த விழாவுல சிறப்புப் பேச்சாளர் யாரு? ...நான்தான்.

ஏழெட்டு மாசம் கழிச்சு அந்தம்மா என் வீட்டுக்கு வந்தாங்க. நாடகத்தைப் போடப்போறோம், ஞாயித்துக்கிழமை சாயங்காலம், நீங்க அவசியம் வரணும்னாங்க. நானும் ஏதோ பெரிய மனசு பண்ணிப் போற மாதிரிப் போனேன்.

உப்பு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்கு முன்னாடி வெறும் தரை. மைக்செட் இல்ல. ஏழு பெண்கள், தொண்டைதான் மைக்கு. ஒருத்தி கால் வைக்க முடியாம வைக்கிறா, உப்பு அறுத்த கால். ஒருத்தி வெயில்ல வெள்ளையையே பார்த்துப் பார்த்துக் கண்ணு மங்கிப் போய், சொந்த மகளை அடுத்த வீட்டுப் பிள்ளைன்னு நினைச்சு, "உங்கம்மா தேடப் போறா, வீட்டுக்குப் போ தாயி"ங்கிறா. மகள் அப்படியே நிக்கிறா...

நான் அழுதேன். முப்பது வருஷம் நாடக இலக்கியம் பாடம் நடத்தினவன், தரையில உட்கார்ந்து அழுதேன்.

முடிஞ்சதும் அந்தம்மா என்னை முன்னாடி கூப்பிட்டாங்க. எல்லார்கிட்டயும் சொல்றாங்க: "நமக்கு உதவி கிடைக்கல. ஆனா ஆபீஸ்ல விசாரிச்சேன். பேராசிரியர் ஐயா நம்ம மனுவுல கைப்பட அபிப்பிராயம் எழுதியிருக்காருன்னு சொன்னாங்க. இவ்வளவு படிச்சவரு நாம எழுதினதைப் படிச்சிருக்காருல்லா, அந்தத் தைரியத்துலதான் போட்டோம்."

ஆபீஸ்ல என்ன அபிப்பிராயம்னு சொல்லல போலிருக்கு. அந்த ஊழியருக்கு இருந்த இரக்கம் எனக்கு இல்லாமப் போச்சு.

முந்நூறு பேர் என்னையே பார்க்கிறாங்க. அப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்கணுமா இல்லையா? நான் சொன்னேன்... "ஆமாம்மா. முழுசாப் படிச்சேன். ரொம்ப நல்லா இருந்துச்சு." கைதட்டினாங்க. கும்பிட்டு வாங்கிக்கிட்டேன்.

மறுநாள் காலையில நகராட்சிக்குப் போய்க் கோப்பை எடுக்கச் சொன்னேன். குத்தின குண்டூசி அப்படியே துருப்பிடிச்சு ஒட்டியிருந்துச்சு. பிரிச்சுப் படிச்சேன். கடைசிப் பக்கத்தோட அடியில ஒரு வரி: "குறை இருந்தால் சொல்லுங்கள் ஐயா, திருத்திக்கொள்கிறோம்."

அதுக்கு நான் எழுதின பதில் மேல் தாள்ல இருக்கு.

நேரா உப்பளத்துக்குப் போனேன். வரப்புல நின்னு எல்லாத்தையும் சொன்னேன். அந்தம்மா வேலையை நிறுத்திக் கேட்டாங்க. கோபப்படல. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"அப்போ நேத்து நல்லா இருந்துச்சுன்னீங்களே, அதுவும் பொய்யாய்யா?"

"இல்லம்மா. அது மட்டும் உண்மை"ன்னேன்.

அவங்க என் முகத்தையே பார்த்தாங்க. நம்பலாமா வேண்டாமான்னு... அப்புறம் "சரிய்யா"ன்னு குனிஞ்சு வேலையைப் பார்க்க ஆரம்பிச்சிட்டாங்க. திட்டியிருந்தாக்கூட நான் நிம்மதியா வீட்டுக்கு வந்திருப்பேன்.

அடுத்த வருஷம் மனுப் போடச் சொல்லி நானே பாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கல. "எழுத ஒரு மாசம் ஆச்சுய்யா. வேலை முடிஞ்சு வந்து, ராத்திரி ராத்திரி எழுதினேன். இனிமே எழுதல"ன்னுட்டாங்க.

இன்னைக்குப் புதுசா இந்தக் குழுவுல உட்காரப் போற நீங்க எல்லாரும் கேளுங்க. உங்களால எல்லாருக்கும் கொடுக்க முடியாது. நிராகரிக்கத்தான் வேண்டியிருக்கும். நிராகரிங்க. ஆனா படிச்சிட்டு நிராகரிங்க. பணம் கிடைக்காமலே அந்த ஏழு பெண்கள் நாடகம் போட்டுட்டாங்க. நான் படிக்கலைன்னு தெரிஞ்சதும்தான் அந்தம்மா எழுதுறதை நிறுத்தினாங்க.

இந்த வருஷப் பட்டியலைக் காலையிலேயே வந்து பார்த்தேன். அறுபத்தொரு பேர் போட்டிருக்காங்க. ரெண்டு தடவை மேலயிருந்து கீழவரை பார்த்தேன்...

சந்தனமாரிங்கிற பேர் அதுல இல்லை.